உங்கள் கம்ப்யூட்டர் உங்கள் கையில் இருக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வாழ்த்துகள்! பில்லில் உங்கள் பெயர், மேஜையில் உங்கள் மெஷின். ஆனால் அதனுள்ளே ஓடும் சாஃப்ட்வேர் யாருடையது? பெரும்பாலும் அதை உருவாக்கிய கம்பெனியுடையது. இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலே 'ஐ அக்ரீ' என்று கிளிக் செய்கிறோமே, அந்த ஒப்பந்தம் அதைத்தான் சொல்கிறது. நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. வீட்டை வாங்கிவிட்டோம், சாவி மட்டும் வேறொருவரிடம் என்பது போன்ற நிலை இது.

அதனால் என்ன குறைந்துவிடும் என்கிறீர்களா? மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவிகளில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டு புத்தகங்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அழிக்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று, மக்களைக் கண்காணிக்கும் அரசைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்பதுதான் வேடிக்கை!

2025 ஜூலையில் குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மெயில் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஐரோப்பிய யூனியன் விதித்த பொருளாதாரத் தடையே பின்னணி. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. பணம் கட்டிய ஒரு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை!

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், குறிப்பிட்ட வகை பிராசஸர்களும் தேவை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய கம்ப்யூட்டர்கள் அதற்குத் தகுதி பெறவில்லை.

இந்த மூன்றிலும் யாரும் சட்டத்தை மீறினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முடிவை எடுக்கும் இடத்தில் உபயோகிப்பவர் இல்லை, அவ்வளவுதான்.

கூடி உழைத்தவர்கள்

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு. அதற்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க புரோகிராமர், யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு சுதந்திரங்களும் கொண்ட முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அதன் பெயர் க்னூ. 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வது. இத்தகைய சாஃப்ட்வேரைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். இலவசமாகவும் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. முக்கியமானது அந்த நான்கு சுதந்திரங்கள்.

நான் வேலை செய்யும் அலுவலகத்தில் சர்வர்கள் அனைத்தும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பெரிய கம்பெனிகளும் இதன் வளர்ச்சிக்குச் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கம்பெனி விலகிவிட்டால் இது நின்றுவிடாது. உதாரணம் வேண்டுமா? 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும், ஓப்பன் ஆபீஸின் எதிர்காலம் என்ன என்ற கவலை எழுந்தது. அதில் உழைத்தவர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நிரலின் பிரதியை எடுத்துக்கொண்டு தனியாக வந்து, லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அனுமதி கேட்க வேண்டிய தேவையே இல்லை. பிரதி எடுக்கும் உரிமை லைசென்ஸிலேயே இருந்தது.

பெரியப்பாவின் சிடி

இதெல்லாம் புரோகிராமர்கள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகளையும் வழக்குச் சொற்களையும் 2003-ல் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து டைப் செய்தார். புத்தகமாகப் போடப் பணம் சேரவில்லை. கையில் மிஞ்சியது ஒரு சிடி. கையெழுத்துப் பிரதி மழையில் போய்விட்டது. கதை சொன்ன பெரியவர்களில் பலர் இப்போது இல்லை. இன்று அந்த சென்டரும் இல்லை, அந்தப் பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரும் விற்பனையில் இல்லை. அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்தால், எதைக் கொண்டு திறப்பது என்று கம்ப்யூட்டர் நம்மையே கேட்டது!

கைகொடுத்தது லிப்ரே ஆபீஸ். பழைய, மூடிய ஃபைல் வகைகளை ஆராய்ந்து திறக்க வழி செய்வதற்கென்றே 2014-ல் 'டாக்குமென்ட் லிபரேஷன்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பேஜ்மேக்கர், கோரல்டிரா, விசியோ என்று பலவற்றுக்கு இப்படி வழி பிறந்தது. பெரியப்பாவின் ஃபைலும் திறந்தது. ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரிந்தன. காரணம், அந்தக் கால ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. ஃபான்ட் இல்லாவிட்டால் எழுத்து இல்லை. இதற்கும் ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த யூனிகோட் மாற்றிகள் இருக்கின்றன. அதில் போட்டு எடுத்து, இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து பிழை திருத்தினோம். 140 பக்கங்களும் திரும்பி வந்தன. முகம் தெரியாத யாரோ சிலர் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்து வைத்த வேலை அது.

உங்களிடமும் இப்படிப் பழைய சிடி, ஃபைல் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். சிடிக்கும் ஆயுள் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். படிப்படியாகப் போகலாம்.

1. சொந்தப் பிரதி: போட்டோ, சான்றிதழ், கணக்கு என எதுவாக இருந்தாலும் ஆன்லைனில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் மாதம் ஒருமுறை நகல் எடுங்கள். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. இலவச சேவை எதுவும் நிரந்தரம் இல்லை.

2. திறந்த ஃபைல் வகை: தமிழில் டைப் செய்தால் யூனிகோடிலேயே செய்யுங்கள். முக்கிய ஆவணங்களை ஓடிஎஃப் வகையிலும் சேமியுங்கள். 2006-ல் ஐஎஸ்ஓ தரம் பெற்ற வகை இது. விவரங்கள் வெளிப்படையாக இருப்பதால் நாளை எந்த சாஃப்ட்வேரும் இதைத் திறக்க முடியும்.

3. விண்டோஸிலேயே பழகுங்கள்: லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், படம் பார்க்க விஎல்சி, போட்டோ திருத்த கிம்ப். நான்கும் விண்டோஸில் நன்றாக ஓடும். விஎல்சி பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது என்பது தெரியுமா?

4. லினக்ஸை ஓட்டிப் பாருங்கள்: புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. குறைந்தது 2 ஜிபி ரேம் (4 ஜிபி இருந்தால் நல்லது), 20 ஜிபி டிஸ்க் இடம் போதும். ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் செய்து, எட்சர் என்ற சாஃப்ட்வேர் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், கவனம்! கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கான கீயை (பலவற்றில் எஃப்12 அல்லது எஃப்9) அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்கில் எதையும் மாற்றாமல் லினக்ஸ் ஓடும். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிடித்தால் மட்டும், நகல் எடுத்த பிறகு, இன்ஸ்டால் செய்யுங்கள். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் என்றால், தொடங்கும் முன்பே பிட்லாக்கர் ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. ஃபோட்டோஷாப் போன்ற சில சாஃப்ட்வேர்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. சில பிரிண்டர், ஸ்கேனர்களுக்கு டிரைவர் கிடைக்காது. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வைத்து ஜிஎஸ்டி, டெண்டர் வேலை செய்பவர்கள் விண்டோஸையும் வைத்துக்கொள்வதே நல்லது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம். தவிர, கோளாறு வந்தால் கஸ்டமர் கேர் நம்பர் கிடையாது. தெரிந்தவரைக் கேட்க வேண்டும், தேடிப் படிக்க வேண்டும். சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சம் உழைப்பு.

வாங்கினால் போதுமா?

இது ஒரு பந்திபோல. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறுவது யார்? புரோகிராம் எழுதத் தெரியாதவரும் பங்களிக்கலாம். சாஃப்ட்வேர் மெனுக்களைத் தமிழாக்கலாம். 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றி எழுதலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் உங்கள் தெருவைக் குறிக்கலாம். 2015 சென்னை வெள்ளத்தின்போது, நீரில் மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்துக் காட்டியது இந்த வரைபடத்தின் மீதுதான்.

இன்டர்நெட் இணைப்பையே இப்படிக் கூட்டாக அமைத்தவர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் கேட்டலோனியாவில், ஓசோனா என்ற கிராமப் பகுதிக்கு டெலிபோன் கம்பெனிகளின் பிராட்பேண்ட் சரியாக வந்து சேரவில்லை. 2004-ல் அங்குள்ளவர்கள் மொட்டை மாடிகளில் ஆன்டெனா வைத்து, வீட்டுக்கு வீடு இணைத்து, 'குய்ஃபி நெட்' என்ற நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். தன் செலவில் ஒருவர் வைக்கும் கருவி, அடுத்தவருக்கும் வழி விட வேண்டும் என்பது அதன் விதி. 2008-ல் இதற்கென ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. பின்னர் ஃபைபரும் இழுத்தார்கள். இணைப்புப் புள்ளிகள் 30,000-ஐத் தாண்டின.

அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. இந்த மாதம் ஒரு பென்டிரைவில் மின்ட் ஏற்றிப் பாருங்கள். சரியாக வந்தால், அதே பென்டிரைவைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுங்கள். லைசென்ஸ் அதை முழுமையாக அனுமதிக்கிறது!