நாலு ரோட்டில் நிற்கும் நம் சகோதரிகள்



காட்டு வேலை இல்லாத மாதங்களில் நம் உறுப்பினர்கள் பலர் முதல் பஸ் பிடித்து டவுனுக்கு சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். டீக்கடை ஓரம், நாலு ரோடு சந்திப்பில் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் கூட்டிப் போவார். இது நம் பக்கம் மட்டும் இல்லை. மும்பையில் இந்த இடத்தை ‘நாக்கா’ என்கிறார்கள். டெல்லியில் ‘லேபர் சௌக்’, ஹைதராபாத்தில் ‘அட்டா’.

இங்கே கூலியை முடிவு செய்வது நேரம்தான். 7 மணிக்குக் கேட்கும் கூலியை 9 மணிக்குக் கேட்க முடியாது. பஸ் செலவு வீணாகுமே என்ற பயம். “50 ரூபா கொறச்சுக்குங்க, நான் வர்றேன்” என்று ஒருவர் சொன்னால் போதும், அன்றைக்கு எல்லோருக்கும் அதே கூலிதான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. சந்திப்பில் யார் அதைச் சொல்கிறார்கள்?

ஒரு குழு உறுப்பினர் சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. “யாருகிட்ட வேலைக்குப் போனீங்க?” என்று கேட்டேன். “செவப்பு பைக்குல வந்தாரும்மா” என்றார். வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. நலவாரிய அட்டையும் இல்லை. மூன்று மாதம் குழுக் கடனில்தான் குடும்பம் ஓடியது.

நாம் செய்ய வேண்டியவை:

1. தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பேராகப் போங்கள். “இதுக்குக் கீழே யாரும் போகக்கூடாது” என்று பஸ்ஸிலேயே கூலியை முடிவு செய்யுங்கள்.

2. வண்டி ஏறும் முன்பே கூலி, வேலை நேரம், பணம் தரும் நாள் மூன்றையும் பேசுங்கள். மேஸ்திரியின் பெயர், போன் நம்பர் வாங்குங்கள். வேலை நடக்கும் இடத்தை வீட்டுக்குச் சொல்லுங்கள்.

3. தேதி, இடம், மேஸ்திரி பெயர், வாங்கிய கூலி எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாக்கி கேட்கும்போது அந்த நோட்டுதான் நமக்குச் சாட்சி.

4. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் இது 1994 முதல் உள்ளது. வயது 18 முதல் 60 வரை. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. பதிவைப் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். நம்மில் எத்தனை பேர் கட்டட வேலைக்குப் போகிறோம்? எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி கூட்டமைப்புக்குக் கொடுங்கள். எல்லோரும் ஒன்றாகப் போய் ஒரே நாளில் பதிவு செய்வோம்.

சேமிப்பில் ஒன்று சேர்ந்த நாம், கூலி பேசும் இடத்தில் மட்டும் ஏன் தனித்தனியாக நிற்க வேண்டும்?