மண்ணின்றிச் சுவரில் வளரும் ஓர்க்கிட்



ஜேர்மனியில் வாழும் எம்மவர் பலரின் வீடுகளில், யன்னலோரத்தில் ஓர்க்கிட் செடியொன்று நிற்பதைக் காணலாம். பிறந்தநாளுக்கோ, புதிய வீட்டிற்குக் குடிபுகும் நாளிலோ அன்பளிப்பாக வந்த செடியாக அது இருக்கும். இரண்டு மூன்று மாதங்கள் அழகாகப் பூத்து நிற்கும். பூக்கள் உதிர்ந்தபின் இலைகள் தளரத் தொடங்கும். தாகத்தால் வாடுகின்றதென எண்ணி நாம் மேலும் நீர் ஊற்றுவோம். ஈற்றில் செடி தாவரக் கழிவுத் தொட்டியைச் சென்றடையும். "ஓர்க்கிட் எங்கள் வீட்டுக்குச் சரிவராது" என்று முடிவு செய்துவிடுவோம்.

உண்மையில் அச்செடிகளிற் பல நீரின்றி மடிவதில்லை. நீர் மிகுந்து, வேருக்குக் காற்றுக் கிடையாமலே மடிகின்றன. அவற்றைச் சாடியிலிருந்து எடுத்து, மரப்பட்டையில் கட்டி, சுவரில் தொங்கவிட்டு வளர்க்கலாம். அம்முறையையும் அதன் காரணத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்தில் வாழ்வது ஏன்?

உலகில் ஏறத்தாழ 28,000 ஓர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்பவை. எமது தாயகத்தின் வரண்ட வலயக் காடுகளிலும், தமிழ்நாட்டிலும், மரங்களைப் பற்றி வளரும் வண்டா என்னும் ஓர்க்கிட் உண்டு. மரத்தின்மேல் வளரும் செடியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்தே அப்பெயர் தாவரவியலுக்குச் சென்றது.

மரத்தில் வளர்வதால் ஓர்க்கிட்டைப் புல்லுருவி போன்றதெனக் கருதுவது தவறு. மாமரத்தில் வளரும் புல்லுருவி தன் வேரை மரத்தினுள் செலுத்தி, அதன் நீரையும் கனியுப்புகளையும் உறிஞ்சுகின்றது. எனவே அது ஒட்டுண்ணி. ஓர்க்கிட்டோ மரத்திடம் இருக்க இடம் மட்டுமே கேட்கின்றது. தன் உணவைத் தன் பச்சை இலைகளாலேயே ஆக்கிக்கொள்கின்றது. இத்தகைய செடியை மேலொட்டி என்பர்.

மேலொட்டியின் வேரை உற்றுநோக்குங்கள். அதனைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. இறந்த கலங்களால் ஆன இவ்வுறை, மழைநீரை விரைவாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உலர்ந்தபோது அதனுட் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தோன்றும். நனைந்ததும் உறை ஒளியை ஊடுபுகவிடுவதால், உள்ளிருக்கும் பச்சையம் வெளித்தெரியும். மாணவர்களே, ஓர் உலர்ந்த வேரின்மீது சில துளி நீர் விட்டுப் பாருங்கள். உங்கள் கண்முன்னே அது பச்சையாக மாறும்!

நனைவதும் உலர்வதுமாக வாழப் பழகிய இவ்வேரை, எந்நேரமும் ஈரமான சாடிக்குள் அடைத்தால் அது அழுகுவது இயல்பேயாகும்.

கட்டும் முறை

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலெனொப்சிஸ் என்னும் வகையே தொடக்கத்திற்கு ஏற்றது. பெரிய செடியை விடச் சிறிய செடி நன்று. புதிய வேர் நுனிகள் தோன்றும் இளவேனிற் காலமே இதற்குத் தக்க காலம்.

1. செடியைச் சாடியிலிருந்து மெதுவாக எடுத்து, அழுகிய வேர்களைத் தூய கத்தரிக்கோலால் வெட்டி நீக்குக.
2. தக்கை மரத்தின் பட்டைத் துண்டொன்றை எடுத்து, அதன்மேல் ஸ்பாக்னம் பாசியை மெல்லிய படையாகப் பரப்புக.
3. வேர்களை அதன்மேல் விரித்து, தங்கூசி நூலால் ஆடாதவாறு கட்டுக. தண்டின் அடிப்பகுதியைப் பாசியால் மூடலாகாது.
4. இலைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். காட்டில் இச்செடி அவ்வாறே தொங்குகின்றது. அதனால் இலைகளின் நடுவே நீர் தேங்கிக் குருத்து அழுகுவதில்லை.

சில மாதங்களில் புதிய வேர்கள் பட்டையைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் நூலை அகற்றிவிடலாம்.

ஸ்டுட்கார்ட்டின் குளிர்காலம்

இங்கேதான் உண்மையான சோதனை தொடங்குகின்றது. 0 பாகை வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் காற்று, ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே கொள்ளும். அதே காற்று வீட்டினுள் வந்து 20 பாகைக்குச் சூடாகும்போது, 17 கிராம் கொள்ளும் ஆற்றலைப் பெறுகின்றது. நீராவியோ முன்னிருந்த 5 கிராம்தான். ஆகவே சாரீரப்பதன் 30 சதவீதத்திற்கும் கீழே இறங்கக்கூடும். ஆதலால் செடியை வெப்பமூட்டிக்கு மேலே தொங்கவிடுதல் ஆகாது.

ஒளியும் குறைவே. மார்கழியில் யாழ்ப்பாணத்தில் பகற்பொழுது பதினொன்றரை மணி நேரம். ஸ்டுட்கார்ட்டில் 8 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கிழக்கு அல்லது மேற்கு யன்னலுக்கு அருகிலுள்ள சுவரே சிறந்தது. தெற்கு யன்னலாயின் கோடைகால நண்பகல் வெயிலிலிருந்து திரையிட்டுக் காக்க வேண்டும்.

வாடகை வீட்டில் வாழ்வோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். சுவரில் தொங்கும் செடிக்கு அங்கேயே நீர் தெளித்தால் சுவரில் பூஞ்சணம் படரும்; வீட்டு உரிமையாளருடன் பிணக்கும் வரும். குளிர்ந்திருக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரைத் தெரிவுசெய்க. நீர் கொடுக்கும்போது பட்டையோடு கழற்றி, வாளி நீரில் வேர்கள் மட்டும் மூழ்கப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் வைத்து, நன்கு வடிந்தபின் மீண்டும் மாட்டுக. காலை வேளையே உகந்தது. சுண்ணாம்பு குறைந்த மழைநீர் கிடைத்தால் மிக நன்று.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எனக் கேட்பீர்கள். வேர் வெள்ளி நிறமாகிவிட்டதா என்பதே அளவுகோல். கோடையில் அது நாள்தோறும் நேரலாம். மண் என்பது நீரின் களஞ்சியம். அதனை நீக்கிவிட்டால் அக்களஞ்சியத்தின் பணி எமது கைகளுக்கு வந்துவிடுகின்றது. கோடை விடுமுறையில் மூன்று வாரம் வெளியூர் செல்வதாயின், அயலவர் ஒருவரிடம் செடியை ஒப்படைத்தே செல்ல வேண்டும். அதற்கு வாய்ப்பில்லாதோர், மரப்பட்டைத் துண்டுகள் நிரப்பிய, துளைகளுள்ள சாடியிலேயே வளர்ப்பது நல்லது.

இலையுதிர் காலத்தில் மூன்று நான்கு வாரங்கள், இரவில் 16 முதல் 18 பாகை வரையான குளிர்ச்சியில் வைத்தால் புதிய பூந்தண்டு தோன்ற வாய்ப்புண்டு.

ஊரிலிருந்து கொண்டுவரலாமா?

விடுமுறைக்கு ஊர் செல்வோர் அங்குள்ள ஓர்க்கிட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர விரும்பலாம். அது கூடாது. 1973இல் வாஷிங்டனில் கைச்சாத்தான உடன்படிக்கையின் கீழ், ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் பாதுகாக்கப்பட்டுள்ளது. அனுமதிப் பத்திரமும் தாவர நலச் சான்றிதழும் இன்றிக் கொண்டுவந்தால், விமான நிலையத்திற் செடி பறிமுதல் செய்யப்படும், தண்டமும் விதிக்கப்படலாம்.

இக்கட்டுப்பாட்டிற்குக் காரணம் உண்டு. ஓர்க்கிட்டின் விதை தூசு போன்றது. அதில் உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் தக்க பங்கசு ஒன்றின் துணையின்றி அது முளைத்து வளர்வதில்லை. ஆகையால் காட்டிலிருந்து பிடுங்கிய செடிக்கு ஈடாக இன்னொன்று எளிதில் வளர்ந்துவிடாது. 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பங்கசுவின் துணையின்றியே சீனி கலந்த ஊடகத்தில் விதைகளை முளைக்கச் செய்யும் முறையை வெளியிட்டார். இன்று கடையிற் செடி மலிவாகக் கிடைப்பதற்கு இத்தகைய ஆய்வுகூட முறைகளே காரணம். காட்டைத் தொடாமலே எமது ஆசை நிறைவேறுகின்றது.

ஓர்க்கிட்டுகளை நேரிற் காண விரும்பின் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வூர்ட்டம்பேர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம் பாட் கான்ஸ்டாட்டில் அமைத்த வில்ஹெல்மாவின் பழைய கண்ணாடி வீடுகளில் அவை வளர்க்கப்படுகின்றன. பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளைகளை அங்கே விலங்குகளைப் பார்க்க அழைத்துச் செல்லும்போது, அக்கண்ணாடி வீட்டிலும் சிறிது நேரம் நில்லுங்கள். வேர்கள் வெள்ளியா பச்சையா என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். அதனைக் கண்டு சொல்லத் தெரிந்த பிள்ளையிடம், வீட்டில் ஒரு செடியை நம்பி ஒப்படைக்கலாம்.