பாட்டு முடிந்த பிறகும் ஒலிக்கும் இசை... திருவரங்குளம் பஸ்ஸில் ஒரு பிஜிஎம் அரட்டை!

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். திருவரங்குளம் வந்து சேர அதிக நேரம் ஆகாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான்கைந்து செல்போன்கள் ஒலித்துவிடும். ஒன்றில் பக்திப் பாடல், இன்னொன்றில் போனோடு வந்த மணியோசை, மற்றொன்றில் பாடல் வரியே இல்லாத பத்து விநாடி இசைத்துண்டு. போனை எடுப்பதற்குள் பின் சீட்டிலிருந்து கேள்வி வந்துவிடும். “அண்ணே, இது எந்தப் படம்?”

அரட்டை அங்கே தொடங்குகிறது. ஒருவர் ‘மௌன ராகம்’ என்பார். பக்கத்தில் இருப்பவர் ‘ஜானி’ என்று அடித்துச் சொல்வார். காலேஜ் போகும் தம்பி அனிருத் பக்கம் பேச்சைத் திருப்புவார். ஊர் நிறுத்தம் வந்து இறங்கினாலும், அரங்குளநாதர் கோயில் பக்கம் நடக்கிற வரை பேச்சு ஓயாது.

பின்னணி இசை என்ற பெயரே அதைப் பின்னால் உட்கார வைத்துவிட்டது. ஆனால், பின்னால் இருப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் நம் ஊரில் எப்போதும் உண்டு.

ரேடியோவில் ஓடிய சினிமா

‘பிஜிஎம்’ என்பது ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர். ஸ்டூடியோவில் இதற்குப் பெயர் ‘ரீ-ரெக்கார்டிங்’, சுருக்கமாக ‘ஆர்.ஆர்.’ படப்பிடிப்பும் எடிட்டிங்கும் முடிந்த பிறகு, காட்சியைத் திரையில் ஓடவிட்டு அதற்கேற்ற இசையைச் சேர்ப்பதுதான் ஆர்.ஆர்.

இதை ரசிக்கும் பழக்கம் ஸ்மார்ட்போனோடு வந்ததல்ல. வீட்டில் இருக்கும் அப்பாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள்... ‘ஒலிச்சித்திரம்’ பற்றிச் சொல்வார்கள். ஒரு முழுப் படத்தின் ஒலியைச் சுருக்கி வானொலியில் ஒலிபரப்புவார்கள். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலிதான் புதுக்கோட்டைப் பக்கத்துக்கும் வீட்டு ரேடியோ. திரையே இல்லாமல் படம் பார்த்த காலம் அது. கதவு திறக்கும் சத்தம், காலடி ஓசை, அதன் பின்னால் மெல்ல எழும் வயலின்... காட்சி எப்படி இருக்கும் என்பதைக் காதுதான் முடிவு செய்யும்.

கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளும் தங்கள் பங்குக்கு ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத் தட்டுகளை ஓடவிட்டன. வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இசையையும் தங்களை அறியாமலே மனப்பாடம் செய்தார்கள்.

பாட்டே இல்லாத படங்கள்

தமிழ் சினிமா பாட்டில் வளர்ந்தது. அதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. இந்த மண்ணின் பி.யு.சின்னப்பா, சொந்தக் குரலில் பாடி நடித்து உச்சம் தொட்டவர். 1944-ல் வந்த ‘ஜகதலப்பிரதாப’னில் ஒரே பாடல் காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் அவரே தோன்றினார். அந்தக் காலத்தில் பாட்டுதான் படம்.

அப்படிப்பட்ட சினிமாவில் 1954-ல் பாடலே இல்லாமல் வந்தது ‘அந்த நாள்’. இயக்கியவர் எஸ்.பாலசந்தர். வீணையில் மேதையான ஒருவர், தன் படத்தில் ஒரு பாட்டுகூட வைக்கவில்லை!

1987-ல் வந்த ‘பேசும் படம்’ இன்னும் ஒரு படி மேலே போனது. கமல்ஹாசன் நடித்த அந்தப் படத்தில் வசனமே கிடையாது. பேசவேண்டிய பொறுப்பில் பெரும்பங்கு எல்.வைத்தியநாதனின் இசைக்கு வந்து சேர்ந்தது. மறு வருடம் பாலுமகேந்திராவின் ‘வீடு’. அதில் ஒலித்தது இளையராஜா 1986-ல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ ஆல்பத்தின் இசை. 2019-ல் ‘கைதி’ பாடல்கள் இல்லாமல் ஒரே இரவில் ஓடியது. சாம் சி.எஸ்ஸின் இசைதான் அந்த லாரிக்குத் துணை.

2013-ல் மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ வந்தபோது ரசிகர்களுக்கு இன்னொரு சந்தோஷம். டைட்டிலில் ‘முன்னணி இசை - இளையராஜா’ என்று போட்டார்கள். படத்தின் பின்னணி இசைத் துண்டுகள் தனித்தனித் தலைப்புகளோடு ஆல்பமாகவும் வெளியாயின. ‘அந்த ஃபைட் முடிஞ்சதும் வருமே ஒரு மியூசிக்...’ என்று சுற்றி வளைக்காமல், பெயர் சொல்லியே பேசலாம் என்றானது.

எங்கிருந்து வருகிறது அந்தப் புல்லரிப்பு?

‘ஜாஸ்’ படத்தில் சுறாவைப் பார்ப்பதற்கு முன்பே நாம் பயந்துவிடுகிறோம். 1975-ல் ஜான் வில்லியம்ஸ் அதற்குப் பயன்படுத்தியது, மாறி மாறி ஒலிக்கும் இரண்டே ஸ்வரங்கள். ஹிட்ச்காக் தன் ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு முதலில் இசையே வேண்டாம் என்றுதான் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் நரம்பு வாத்தியங்களை வைத்துச் செய்த இசையைக் கேட்ட பிறகு மனம் மாறினார். இன்று அந்த வயலின் கீறல் இல்லாமல் அந்தக் காட்சியை யோசிக்க முடியுமா?

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் ‘தளபதி’. கூட்ஸ் ரயிலில் விடப்பட்ட குழந்தை வளர்ந்து ஆளாகிவிட்டது. ஆனாலும் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தத் தாயின் முகம் மாறுகிறது. தாயும் மகனும் சம்பந்தப்பட்ட இடங்களில் தாலாட்டின் மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. இருவரும் யார் என்று வசனம் சொல்வதற்கு முன்பே, இசை நமக்குச் சொல்லிவிடுகிறது. ‘நாயகன்’ படத்திலும் இப்படித்தான். ஒரே மெட்டு, ஒவ்வொரு இழப்பின்போதும் வேறு வேறு உடையில் வந்து நிற்கும்.

மாஸுக்கும் இதே கணக்குதான். 1992-ல் ‘அண்ணாமலை’யில் ‘சூப்பர் ஸ்டார்’ எழுத்துகள் புள்ளி புள்ளியாக ஒளிர, தேவா போட்ட இசை இன்றைக்கும் தியேட்டரில் விசில் கிளப்புகிறது. கதை ஆரம்பிக்கவே இல்லை... அதற்குள் கைதட்டல்!

விருதும் வந்தது, புகாரும் வந்தது

பின்னணி இசையைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதைத் தேசிய விருதும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2009-ம் ஆண்டுப் படங்களில் பாடல்களுக்கு ஒரு விருது, பின்னணி இசைக்கு ஒரு விருது என்று தந்தார்கள். பின்னணி இசை விருது ‘பழசி ராஜா’வுக்காக இளையராஜாவுக்கு. பிறகு, கரகாட்டக் குழுவின் கதையான ‘தாரை தப்பட்டை’க்கும் அதே விருதைப் பெற்றார். ‘சூரரைப் போற்று’ ஜி.வி.பிரகாஷுக்கும், ‘பொன்னியின் செல்வன்-1’ ஏ.ஆர்.ரஹ்மானுக்கும் இதே பிரிவில் விருது வாங்கித் தந்தன. ரஹ்மான் 2009-ல் வாங்கிய இரண்டு ஆஸ்கர்களில் ஒன்றுகூட ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பின்னணி இசைக்குத்தான்.

ரசிகர்கள் பாராட்ட மட்டும் செய்யவில்லை. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானபோது, ஒலி காதைக் கிழிக்கிறது என்று படம் பார்த்தவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒலி அளவை இரண்டு புள்ளிகள் குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா தெரிவித்தார். டிக்கெட் வாங்கியவரின் கருத்து, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் சத்தத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆனால், எல்லா அரட்டையும் இப்படிப் பயன் தருவதில்லை. ‘செம’, ‘தெறி’, ‘வேற லெவல்’ ஆகிய மூன்று சொற்களோடு பல விமர்சனங்கள் முடிந்துவிடுகின்றன. மற்றவை ‘ராஜாவா, ரஹ்மானா’ சண்டையாக மாறுகின்றன. இரண்டிலுமே இசை என்ன செய்தது என்ற கேள்வி காணாமல் போகிறது.

காதைப் பழக்க ஐந்து வழிகள்

* ஒரு காட்சியை ஒருமுறை சத்தமில்லாமல் பாருங்கள். பிறகு ஒலியோடு பாருங்கள். கூடுதலாக என்ன புரிந்ததோ, அது பெரும்பாலும் இசையின் வேலை.

* இசை எந்த விநாடியில் நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நடிகர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா?

* மௌனத்தையும் கணக்கில் எடுங்கள். இசையே இல்லாத இடமும் இசையமைப்பாளர் எடுத்த முடிவாக இருக்கலாம்.

* ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்வதைப்போல!

* பாட்டின் மெட்டு படத்தில் வேறு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். வேகம் குறைந்து, வாத்தியம் மாறி வந்திருக்கும்.

இப்படிக் கேட்கத் தொடங்கினால், ‘யார் இசை?’ என்ற கேள்வியோடு ‘யார் வாசித்தது?’ என்ற கேள்வியும் வரும். அந்த வயலின் வி.எஸ்.நரசிம்மனா, அந்தப் புல்லாங்குழல் நெப்போலியன் என்கிற அருண்மொழியா என்று அடையாளம் காணும் ரசிகர்கள் இருக்கிறார்கள். பல பழைய படங்களின் டைட்டில் கார்டில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் இல்லை. அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே பத்திரப்படுத்தியதில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு.

கல்லில் இருக்கிறது... தாளில்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னோர் ஊர் குடுமியான்மலை. அங்கே சிகாநாதர் கோயிலுக்குப் பின்னால், குடைவரையை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, வரிவரியாக ஸ்வரங்கள். எழுத்தின் அமைப்பைப் பார்த்து 7-ம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ருத்ராசாரியர் என்பவரின் மாணவரான ஓர் அரசர், இசை பயிலும் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கழித்தும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

சினிமாவுக்கு வருவோம். இளையராஜா காட்சியைப் பார்த்துவிட்டு, மொத்தக் குழுவுக்குமான இசையைத் தாளில் எழுதுவார். அதிலிருந்து ஒவ்வொரு கலைஞரும் தனக்கான பகுதியைப் பெற்று வாசிப்பார். 1976-ல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி, ஆயிரம் படங்களைத் தாண்டிய உழைப்பு. ஆனால், ‘ஜானி’யின் பின்னணி இசைக் குறிப்பு வேண்டும் என்று ஒரு மாணவி புத்தகக் கடையில் கேட்டால் கிடைக்காது. வசனமும் ஒலிகளும் கலக்காத சுத்தமான இசைப் பதிவும் பெரும்பாலான பழைய படங்களுக்கு விற்பனைக்கு வரவில்லை. ‘விக்ரம்’ போன்ற புதிய படங்களின் பின்னணி இசைதான் தனி ஆல்பமாக வெளிவந்து நிலைமையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது.

அதுவரைக்கும் பழைய இசையை யார் காப்பாற்றி வைத்திருந்தார்கள்? டி.வி-யில் படம் ஓடும்போது டேப் ரெக்கார்டரை அருகில் வைத்துப் பதிவு செய்தவர்கள், சி.டி-யிலிருந்து துண்டு வெட்டி ரிங்டோன் ஆக்கியவர்கள், ‘இது எந்தப் படம்ணே?’ என்று கேட்டவர்கள், அதற்குப் பதில் சொன்னவர்கள்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தது. பாடல் வரி கிடையாது, ஹீரோ கிடையாது, கதையும் கிடையாது. ஆனாலும் அந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசினார்கள். வரியில்லாத இசையைக் கேட்க நம்மைப் பழக்கியது எது என்று யோசித்தால், விடை இருட்டான தியேட்டரில் கிடைக்கும். காட்சிக்குப் பின்னால் ஒலித்துக்கொண்டே இருந்த அதே இசைதான்.

அடுத்த முறை பஸ்ஸில் அப்படியொரு ரிங்டோன் கேட்டால், சும்மா விட்டுவிடாதீர்கள். எந்தப் படம், எந்தக் காட்சி, என்ன வாத்தியம் என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் சொல்லுங்கள். குடுமியான்மலையில் அந்த வேலையைப் பாறை செய்கிறது. பின்னணி இசைக்கு இப்போதைக்கு இருப்பது நம் காதும் வாயும்தான்!

சரி... கண்ணை மூடினால் உங்களுக்கு முதலில் கேட்கிற பிஜிஎம் எது?