கல்தச்சர் கணபதி ஸ்தபதி: பிள்ளையார்பட்டி முதல் ஹவாய் வரை ஒரு திருப்பணிப் பயணம்

திருவிழாக் காலத்தில் தேரில் பவனி வரும் திருமுருகனைக் கண்குளிரக் கண்டு கைகூப்புகின்றோம். கோபுர தரிசனம் செய்து கோடி புண்ணியம் பெறுகின்றோம். ஆனால், அத்தேரையும் கோபுரத்தையும் உருவாக்கிய கரங்களை நினைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? திருப்பணிக்குப் பொருளுதவி செய்த உபயதாரர்களின் பெயர்கள் ஆலயச் சுவர்களில் பளிங்குக் கல்லில் பொறிக்கப்படுகின்றன. உளி பிடித்தவரின் பெயரோ பெரும்பாலும் எங்கும் இடம்பெறுவதில்லை.

மாமன்னன் இராசராச சோழன் இதற்கு விதிவிலக்கு. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தன் பெயரையே பட்டமாகச் சூட்டி, கோயில் எடுப்பித்தவனைப் பெருமைப்படுத்தியிருக்கின்றான். மரத்தில் வேலை செய்பவர் மரத்தச்சர். கல்லில் வேலை செய்பவர் கல்தச்சர். இரண்டும் விஸ்வகர்ம மரபின் கிளைகளே. அந்தப் பெருந்தச்சர் வரிசையில் நம் காலத்தில் வாழ்ந்து மறைந்தவர், பத்மபூஷண் வை. கணபதி ஸ்தபதி அவர்கள்.

சிற்பக் குடும்பத்தில் பிறப்பு

கற்பக விநாயகர் குடைவரையில் எழுந்தருளி அருள்பாலிக்கும் பிள்ளையார்பட்டியில், 1927ஆம் ஆண்டு வைத்தியநாத ஸ்தபதியின் மைந்தராகப் பிறந்தார் கணபதி. பிள்ளையார்பட்டி, நகரத்தார் பெருமக்களின் ஒன்பது கோயில்களுள் ஒன்று. சிங்கப்பூரில் 1859ஆம் ஆண்டு தெண்டாயுதபாணி ஆலயத்தை நிறுவியவர்கள் இந்த நகரத்தாரே. ஆகவே, அந்த மண்ணின் சிற்ப மரபு நம் நாட்டுப் பக்தர்களுக்கு அந்நியமானதன்று.

இல்லமே பள்ளியாக, தந்தையே ஆசானாக அவருக்கு அமைந்தனர். சிற்ப நூல்களையும் உளியின் நுட்பத்தையும் தந்தையிடம் பயின்றதோடு, கல்லூரியில் கணிதம் பயின்று பட்டமும் பெற்றார். இந்த இரு கல்வியும் பின்னாளில் அவருக்கு இரு கரங்களாயின.

தந்தை அமர்ந்த ஆசனத்தில்

1957ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றபோது, அதன் தலைமைப் பொறுப்பை வைத்தியநாத ஸ்தபதி ஏற்றார். அவருக்குப் பின் அப்பொறுப்பு மைந்தரிடம் வந்தது. 27 ஆண்டுகள் அந்நிறுவனத்தில் தொண்டாற்றிய கணபதி ஸ்தபதி, அதனைப் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்த்தப் பாடுபட்டார்.

இதன் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்த கலை அது. மகன் வேறு தொழிலை நாடினால் அந்தக் குடும்பத்தோடு அது அற்றுப்போகும். கோயில் கட்டுபவர் வெறும் கூலியாள் என்று கருதப்பட்ட காலமும் இருந்தது. குடும்பச் சொத்தாக இருந்ததைக் கல்லூரிச் செல்வமாக மாற்றியதால், ஒரு வீட்டின் விளக்கு பல வீடுகளில் ஏற்றப்பட்டது.

தேரும் சிலையும்

1976ஆம் ஆண்டு சென்னையில் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டத்தை வடிவமைத்தவர் இவரே. திருவாரூர்த் தேரை ஒத்த கல்தேர் அங்கு வானளாவி நிற்கின்றது. மரத்தச்சர் வடித்த தேரைக் கல்தச்சர் கல்லிலே நிலைநிறுத்திய அற்புதம் அது!

அதனினும் பெரிய சோதனை குமரிமுனையில் காத்திருந்தது. கடல் நடுவே பாறையின்மீது 133 அடி உயரத்தில் திருவள்ளுவருக்குச் சிலை எழுப்புவதற்கு 1979ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்றது. பணி தொடங்கியதோ 1990ஆம் ஆண்டில்தான். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்க 38 அடி பீடம். பொருட்பால், காமத்துப்பால் ஆகியவற்றின் 95 அதிகாரங்களைக் குறிக்க 95 அடி உருவம் என்பது திட்டம்.

கல்லைத் தொடுமுன் ஸ்தபதி மரத்தைத் தொட்டார். 40 அடி உயர மர உருவம் ஒன்றைச் செய்து, உடலின் நடுவே ஓடும் காயமத்திய சூத்திரம் என்னும் நேர்க்கோட்டை ஆராய்ந்தார். அக்கோட்டை ஒட்டியே சிலையின் உட்புறம் வெற்றிடமாக அமைந்தது. 150க்கும் மேற்பட்டோர் உழைக்க, சுமார் 7,000 டன் எடையுள்ள கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சிலை திறப்பு விழாக் கண்டது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை குமரிக் கரையைத் தாக்கியது. கடல் சூழ்ந்த பாறையில் நின்ற ஐயன் வள்ளுவர் அசையவில்லை. சிற்ப சாத்திரம் பழங்கதை என்று எண்ணியோர்க்கு, அந்த ஒரு நாள் தந்த விடையை எந்த நூலும் தந்திராது என்றால் அது மிகையாகாது.

கடல் கடந்த பயணங்கள்

ஸ்தபதியின் கால்கள் தமிழகத்தோடு நிற்கவில்லை. சிற்ப நூலாசிரியன் மயனைப் பற்றி ஆராய்ந்த அவர், 1995ஆம் ஆண்டு தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்குச் சென்றார். பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில் அளவுகோலும் கையுமாகக் கட்டடங்களை அளந்தார். அங்குள்ள அமைப்பு, எட்டுக்கு எட்டு என 64 பதங்கள் கொண்ட நம் வாஸ்து மண்டலத்தை ஒத்திருப்பதாகக் கண்டு வியந்தார். மாயன் மக்களுக்கும் மயன் மரபுக்கும் தொடர்புண்டு என்பது அவரது துணிபு. தொல்லியல் அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. ஆயினும், முதிர்ந்த வயதிலும் ஒரு வினாவைச் சுமந்து உலகின் மறுகோடிக்குச் சென்ற அந்த ஆர்வம் போற்றத்தக்கது.

ஹவாயின் கவாய்த் தீவில், சற்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் எண்ணிய இறைவன் திருக்கோயிலுக்கும் இவரே வடிவம் தந்தார். சுவாமிகளும் ஸ்தபதியும் ஒரே ஆண்டில், 1927இல் பிறந்தவர்கள். பெங்களூருக்கு அருகே சிற்பிகளுக்கென ஒரு கிராமமே அமைக்கப்பெற்று, உளியாலும் சுத்தியாலும் கையாலேயே செதுக்கிய கருங்கற்கள் கப்பலேறிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தன. 2001ஆம் ஆண்டு சுவாமிகள் சமாதியடைந்தார். 2009ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மபூஷண் விருது பெற்ற ஸ்தபதி, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தமது 84ஆம் அகவையில் இறைவனடி சேர்ந்தார். எண்ணியவரும் வடித்தவரும் காணாத அக்கோயிலின் கும்பாபிஷேகம் 2023ஆம் ஆண்டு மார்ச் திங்களில் நிறைவேறியது. நிறைவேற்றியவை, அவர் வழிவந்த சிற்பிகளின் கரங்கள்.

நன்றி மறவாமை

ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டிய கட்டடத்தை எழுப்புபவன், தன் ஆயுளைக் கணக்கில் கொள்வதில்லை. தந்தை தொடங்கியதை மகன் தொடர்வான், மகன் விட்டதை மாணாக்கன் முடிப்பான் என்னும் நம்பிக்கையே அவனுக்கு அத்திவாரம்.

இந்நாட்டு ஆலயங்களிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி நடைபெறுகின்றது. குடும்பத்தைத் தமிழகத்தில் விட்டுவிட்டு இங்கு வந்து, சாரத்தின்மீது வெயிலில் நின்று சுதை வடிக்கும் சிற்பிகளை நாம் காண்கின்றோம். கும்பாபிஷேக நாளில் அவர்களுக்கு ஒரு சால்வை. ஆலயச் சுவரின் ஒரு மூலையில் அவர்களது பெயர். இராசராசன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய இவ்வழியை ஆலய நிர்வாகத்தினரும் உபயதாரர்களும் பின்பற்றுவார்களாக. அமரர் கணபதி ஸ்தபதிக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவேயாகும்.