குளத்தருகே கிடப்போர்: வறிய நாடுகளில் மருத்துவ வசதியும் திருச்சபையின் பொறுப்பும்

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்தைப் பற்றி வாசிக்கிறோம். அங்கே குளம் இருந்தது. ஐந்து மண்டபங்கள் இருந்தன. அவற்றில் திரளான நோயாளிகள் படுத்திருந்தனர். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த மனிதன் இயேசுவிடம் முறையிட்டது குளம் இல்லை என்பதைப் பற்றியன்று. தன்னை அதில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்பதையும், தான் போவதற்குள் வேறொருவர் முந்திக்கொள்கிறார் என்பதையுமே அவன் கூறினான். தேவதூதன் தண்ணீரைக் கலக்குவதைப் பற்றிய பகுதி மிகப் பழைய கைப்படிகளில் இல்லை என்பதை இறையியல் மாணவர் அறிவர். எனினும் ஏழாம் வசனத்திலுள்ள இம்முறையீடு மூலபாடத்தைச் சேர்ந்ததே. நலம் தரும் இடம் ஒன்று இருந்தும், அது மிகுதியாகத் தேவைப்படுகிறவனே அதை அணுக இயலாதவனாக இருக்கிறான் என்பதே அதன் பொருள்.

இதே உண்மையை 1971ஆம் ஆண்டில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவர் வேறு முறையில் எடுத்துரைத்தார். வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய அவர், நல்ல மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று காட்டினார். சந்தையின் போக்கிற்கு மருத்துவத்தை விட்டுவிடும் அளவிற்கு இந்நிலை கடுமையாகும் என்பதும் அவருடைய முடிவு. செல்வம் மிக்க நாட்டிலேயே இது உண்மையெனில், வறிய நாடுகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் குறைந்த வருவாயுள்ள நாடுகளில் ஒரு இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது 346 தாய்மார் இறந்தனர். செல்வ நாடுகளிலோ 10 பேர் மட்டுமே. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது நோயின் தன்மையன்று. அறிந்த மருத்துவம், அறியப்பட்ட மருந்து, பயிற்சி பெற்ற கை ஆகியவை உரிய நேரத்தில் போய்ச் சேராமையே காரணம்.

இவை ஏன் போய்ச் சேருவதில்லை, சேரச் செய்ய என்ன முயற்சிகள் நடந்துள்ளன, அவற்றில் திருச்சபைக்குரிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. தடைகள் யாவை?

மகப்பேற்று மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இருவர் 1994இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினர். முதலாவது, மருத்துவ உதவியை நாடவேண்டும் என்று முடிவு செய்வதில் ஏற்படும் தாமதம். பெண் தானே முடிவு செய்ய உரிமையின்மை, ஆபத்தின் அறிகுறிகளை அறியாமை, செலவைப் பற்றிய அச்சம் ஆகியவை இதற்குக் காரணங்கள். இரண்டாவது, மருத்துவ நிலையத்தை அடைவதில் ஏற்படும் தாமதம். சாலையின்மை, வண்டியின்மை, தொலைவு ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, நிலையத்தை அடைந்த பின்னரும் சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம். குருதியில்லை, மருந்தில்லை, மருத்துவர் இல்லை, முன்பணம் கட்டவில்லை என்னும் காரணங்களால் நோயாளி வாசலிலேயே காத்திருக்க நேரிடுகிறது.

இப்பகுப்பு நமக்கு மிகவும் பயனுள்ளது. மருத்துவமனையைக் கட்டுவதால் மட்டும் முதல் தாமதமும் இரண்டாம் தாமதமும் நீங்குவதில்லை. கட்டடத்தைத் திறந்துவைத்து நன்றி ஆராதனை நடத்தியதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் இதனை வலியுறுத்திச் சொல்லவேண்டியுள்ளது.

2. திருச்சபைகள் கற்ற பாடம்

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேலைநாட்டு மருத்துவத்தை நாட்டுப்புறங்களுக்குக் கொண்டு சென்றவர்களுள் மிஷனெரிமார் முதன்மையானவர். ஆனால் நாடுகள் விடுதலை பெற்ற காலத்தில் அம்மருத்துவமனைகளின் செலவு ஏறியது. வெளிநாட்டு உதவி குறைந்தது. இந்நிலையில் 1964ஆம் ஆண்டு ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், உலகத் திருச்சபைகளின் மாமன்றமும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கூட்டிய கலந்தாய்வு நடைபெற்றது. நலமளிக்கும் பணி மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் மட்டும் உரியதன்று, சபை முழுவதற்கும் உரியது என்பதே அங்கு எழுந்த முக்கியமான கருத்து. 1968இல் மாமன்றம் கிறிஸ்தவ மருத்துவக் குழுவை ஜெனீவாவில் ஏற்படுத்தியது. ஜேம்ஸ் மெக்கில்வ்ரே அதன் முதல் இயக்குநர். திருச்சபைகளின் மருத்துவ முயற்சியில் மிகப் பெரும் பகுதி மருத்துவமனைச் சிகிச்சைக்கே செலவாகிறது என்பதும், அங்கு வருவோரில் பலர் தடுக்கக்கூடிய நோய்களால் வருகின்றனர் என்பதும் அக்காலத்து ஆய்வுகளில் வெளிப்பட்டன.

வேறு வழி உண்டு என்று காட்டிய முயற்சிகளுள் ஒன்று நம் நாட்டிலேயே தோன்றியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ராஜ் ஆரோலேயும் அவர் துணைவியார் மேபெல் ஆரோலேயும் 1970இல் மகாராட்டிரத்தின் ஜாம்கெட் பகுதியில் பணி தொடங்கினர். மக்கள் முதலில் கேட்டவை உணவும் தண்ணீரும். ஆகவே பணியும் அங்கிருந்தே தொடங்கிற்று. எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், அவர்களுள் தலித் பெண்கள் பலர், நலவாழ்வு ஊழியராகப் பயிற்சி பெற்றனர். கர்ப்பிணிகளைக் கவனித்தல், குழந்தைகளை எடையிடுதல், வயிற்றுப்போக்கிற்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தல் ஆகியவற்றை அவர்களே செய்தனர். அத்திட்டத்தார் வெளியிட்ட கணக்கின்படி, 1971இல் ஆயிரத்துக்கு 176 ஆக இருந்த குழந்தை இறப்பு 1976இல் 52 ஆகக் குறைந்தது. தீண்டத்தகாதவள் என ஒதுக்கப்பட்டவளின் கையைப் பிரசவ நேரத்தில் மற்றவர்கள் நாடினார்கள் என்பது இக்கணக்கில் அடங்காத மற்றொரு நலம்.

1975இல் கென்னத் நியூவெல் தொகுத்து உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நூலில் ஜாம்கெட்டும், கிறிஸ்தவ மருத்துவக் குழுவுடன் தொடர்புடைய குவாத்தமாலா, இந்தோனேசியா முயற்சிகளும் இடம்பெற்றன. மூன்றாண்டுகளுக்குப் பின், 1978 செப்டம்பரில் அல்மா-ஆட்டா நகரில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, நலவாழ்வு மனிதரின் அடிப்படை உரிமை என்றும், அடிப்படை நலவாழ்வுப் பணியே அதை அடையும் வழி என்றும் அறிக்கையிட்டனர். உலக அரசுகள் ஏற்ற ஒரு கொள்கை உருவாவதில் திருச்சபையின் அனுபவத்திற்கும் பங்கிருந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியாதிருக்கின்றனர்.

3. கட்டணம் என்னும் தடை

எனினும் அல்மா-ஆட்டாவின் நம்பிக்கை விரைவில் தளர்ந்தது. 1980களில் கடன்சுமையால் நலிந்த ஆப்பிரிக்க அரசுகள் நலவாழ்வுச் செலவைக் குறைத்தன. நோயாளிகளிடம் கட்டணம் பெறலாம் என்று 1987இல் உலக வங்கி பரிந்துரைத்தது. திருச்சபை மருத்துவமனைகளில் பலவோ முன்னரே கட்டணம் பெற்றுவந்தன.

சிறு கட்டணமாவது வாங்கினால்தான் மக்கள் பொருளை மதிப்பார்கள் என்பது நம் சேகரக் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கும் வாதம். மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை வழங்குவதைப் பற்றி ஜெசிக்கா கோஹென், பஸ்கலின் டியூபா ஆகியோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்தைச் சோதித்தது. இலவசமாகக் கொடுத்த வலைக்கு அறுபது அமெரிக்கக் காசு விலை வைத்தவுடன், அதைப் பெற்றவர்களின் விகிதம் அறுபது விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. விலை கொடுத்து வாங்கியோர் இலவசமாகப் பெற்றோரைவிட அதிகமாக அதைப் பயன்படுத்தியதாகவும் காணப்படவில்லை. கட்டணம் அலட்சியக்காரரை விலக்குவதாக எண்ணுகிறோம். உண்மையில் அது ஏழையையே விலக்குகிறது.

அப்படியாயின் கட்டணத்தை நீக்கிவிட்டால் போதுமா? உகாண்டா நாடு 2001இல் அரசு நிலையங்களில் கட்டணத்தை நீக்கியது. நோயாளிகள், குறிப்பாக ஏழைகள், பெருந்திரளாக வந்தனர். ஆனால் மருந்து விரைவில் தீர்ந்தது; மக்கள் வெளிக்கடைகளில் வாங்க நேர்ந்தது. மிக வறிய குடும்பங்களின் மருத்துவச் செலவுச் சுமை எதிர்பார்த்தபடி குறையவில்லை. நோயாளி கொடுக்காத பணத்தை வேறொருவர் கொடுத்தே ஆகவேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

4. மலாவி நாட்டின் அனுபவம்

அந்த வேறொருவர் யார் என்னும் கேள்விக்கு மலாவி நாட்டில் ஒரு விடை காணமுயன்றனர். உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்றாகிய அங்கு, நலவாழ்வுப் பணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திருச்சபைகளால் நடைபெறுகிறது. கத்தோலிக்க, சீர்திருத்த சபைகளின் நிலையங்களை இணைக்கும் மலாவி கிறிஸ்தவ நலவாழ்வுச் சங்கம் 1966 முதல் இயங்குகிறது. அதன் நிலையங்களில் பெரும்பாலானவை நாட்டுப்புறங்களில் உள்ளன. அரசு நிலையங்களில் சிகிச்சை இலவசம். திருச்சபை நிலையங்களில் கட்டணம். ஆகவே திருச்சபை நிலையத்தின் அருகே வாழும் ஏழைத்தாய், அதைக் கடந்து தொலைவிலுள்ள அரசு நிலையத்துக்கு நடக்கவேண்டும். அல்லது வீட்டிலேயே பிரசவிக்கவேண்டும். நற்செய்தியின் பெயரால் கட்டப்பட்ட வாசல், அருகிலிருந்தும் அவளுக்கு அடைக்கப்பட்டதாயிற்று.

இதற்குத் தீர்வாக, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அரசும் திருச்சபை நிலையங்களும் பணி ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. பெரும்பாலும் தாய்சேய் நலச் சிகிச்சைகளுக்கானவை இவை. தாய் பணம் கட்டவேண்டியதில்லை. நிலையம் கணக்கை மாவட்ட நலவாழ்வு அலுவலகத்துக்கு அனுப்ப, அரசு அதைச் செலுத்தும். ஒப்பந்தம் செய்துகொண்ட நிலையங்களில் பிரசவத்துக்கு வந்த தாய்மாரின் தொகை உயர்ந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன.

குறைகளும் உண்டு. அரசு பணம் செலுத்துவதில் நெடுங்காலத் தாமதம் ஏற்பட்டது; விலைவாசி ஏறியபோதும் ஒப்பந்தத் தொகை உரிய காலத்தில் திருத்தப்படவில்லை; சில நிலையங்கள் கடனில் மூழ்கின. அரசின் நலவாழ்வுச் செலவே பெருமளவு வெளிநாட்டு உதவியைச் சார்ந்திருந்தது. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியபோது இவ்வகைச் சார்பின் ஆபத்து எங்கும் வெளிப்படையாயிற்று. ஆப்பிரிக்க அரசுகள் 2001இல் அபூஜா நகரில் கூடி, தம் வரவுசெலவில் நூற்றுக்குப் பதினைந்தை நலவாழ்வுக்கு ஒதுக்குவதாக வாக்களித்தன. அவ்வாக்கைக் காத்தவை மிகச் சில.

5. மக்களிடம் செல்லும் ஊழியர்

பணத்தடை நீங்கினாலும் தொலைவு நீங்குவதில்லை. எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய நலவாழ்வு விரிவுப்பணித் திட்டம் இவ்வகையில் கருதத்தக்கது. பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சியளித்து, ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு இருவராக, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசு பணியமர்த்தியது. இவர்கள் தொண்டர்கள் அல்லர். ஊதியம் பெறும் அரசு ஊழியர். அந்நாட்டு அரசின் கணக்கெடுப்புகளின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 2000இல் ஆயிரத்துக்கு 166 ஆகவும் 2016இல் 67 ஆகவும் இருந்தது. இதற்கு இத்திட்டம் மட்டுமே காரணம் என்று கூறவியலாது. உணவும் சாலையும் கல்வியும் அக்காலத்தில் முன்னேறின. ஆயினும் இத்திட்டத்தின் பங்கு பெரிது. ஏழைப் பெண்களின் உழைப்பை ஊழியம் என்னும் பெயரால் ஊதியமின்றிப் பெறும் வழக்கமுள்ள நாம், அங்கு அவர்கள் ஊதியம் பெற்றனர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

6. இறையியல் நோக்கில்

மேற்கண்டவற்றை வேதாகமத்தின் ஒளியில் நோக்கும்போது மூன்று உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, பெதஸ்தாவில் இயேசு அந்த மனிதனை முந்திக்கொண்டு குளத்தில் இறங்குமாறு தூண்டவில்லை; போட்டியில் அவனுக்கு உதவவுமில்லை. அவர் தாமே அவனிடம் சென்றார். நலமடைய விருப்பம் உண்டோ என்று அவனையே வினவினார். பின்தங்கியவனிடமிருந்து தொடங்குவதும், அவனுடைய விருப்பத்தைக் கேட்பதும் கிறிஸ்துவின் முறை. அச்செயல் ஓய்வுநாள் ஒழுங்கைக் காத்தோரின் எதிர்ப்பையும் அவருக்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது, பன்னிரண்டாண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண் (மாற்கு 5) மருத்துவர்களிடம் தன் உடைமை அனைத்தையும் செலவழித்தும் நலமடையவில்லை என்று மாற்கு எழுதுகிறார். மருத்துவச் செலவால் குடும்பம் அழிவதை நற்செய்தியாளர் அறிந்திருந்தார். நாம் அதை அவளுடைய சொந்தத் துயரமாக மட்டும் கருதிப் பிரசங்கித்தால், அவர் எழுதியதில் பாதியை விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, நல்ல சமாரியன் உவமையில் (லூக்கா 10) சத்திரக்காரனுக்கும் இடமுண்டு. அவனுக்குச் செலவு உண்டு; அவன் பணம் பெற்றதற்காகக் கண்டிக்கப்படவில்லை. ஆனால் பணத்தைக் கொடுத்தவன் காயப்பட்டவன் அல்லன். சமாரியன் இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவையும் தான் ஏற்பதாக வாக்களித்தான். நம் மருத்துவமனைகளை நடத்துவோரின் பணநெருக்கடியை அறியாமல் அவர்களைக் குறைகூறுவது நீதியன்று. சத்திரத்தை நடத்துவோருக்கு ஒரு சமாரியன் தேவை. தனிமனிதர், சபை, அரசு ஆகிய மூவரும் அவ்விடத்தில் நிற்கக் கடமைப்பட்டுள்ளனர்.

7. நாம் செய்யவேண்டுவன

மேற்கண்ட அனுபவங்கள் பிறநாட்டுச் செய்தியாக நின்றுவிடலாகாது. நம் திருமண்டலங்களின் மருத்துவமனைகளையும் இக்கேள்விகள் எதிர்நோக்குகின்றன. எனவே ஆயர்களும் மாணவர்களும் பின்வருவனவற்றைச் சிந்தித்துச் செயற்படுத்தலாம்.

அ. சேகரத்தில் நோயுற்றோர் எந்தத் தாமதத்தினால் துன்புற்றனர் என்பதை வீடுசந்திப்பில் கேட்டறிதல். மருத்துவமனைக்கு வந்தோரின் கணக்கு நம்மிடம் உண்டு. வராதோரின் கணக்கை ஆயரே அறியக்கூடும்.

ஆ. திருமண்டல மருத்துவமனையின் ஆண்டறிக்கையில், பணமின்மையால் சிகிச்சையை இடையில் விட்டுச்சென்றோர் எத்தனை பேர் என்பதையும் சேர்க்குமாறு கேட்டல்.

இ. அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியையாவது, ஏழை நோயாளிகளின் செலவுக்கென நிலையான நிதியாக ஒதுக்குதல். அதனைப் பெறுவோர் பெயரைச் சபையில் வாசிக்கலாகாது.

ஈ. அரசின் நலவாழ்வுத் திட்டங்கள் ஏழைகளைச் சென்றடையப் பேசுதலையும் எழுதுதலையும் அருட்பணியின் பகுதியாகக் கொள்ளுதல்.

உ. பிறநாட்டுத் திருச்சபைகளின் மருத்துவப் பணிக்காக மன்றாடும்போது, மருத்துவர்களுக்காக மட்டுமன்றி, வாசல்வரை வந்து திரும்பிச் சென்றோருக்காகவும் மன்றாடுதல்.

இவற்றுள் இரண்டாவதே கடினமானது. ஏனெனில் அக்கணக்கு நமக்குப் பெருமை தராது. ஆயினும் அதை எடுக்கத் துணியும் திருச்சபையே, தன் மருத்துவமனை யாருக்காக நிற்கிறது என்று உண்மையாகக் கூறமுடியும்.