பிரஷ்ஷோடு வரச் சொன்ன வானொலி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ளது பர்மிங்காம் நகரம். 1963 மே மாதம் அங்கே கறுப்பின மக்கள் கேட்கும் வானொலியில் ஓர் அறிவிப்பு வந்தது. பூங்காவில் விருந்து நடக்கிறது, மதியச் சாப்பாடு உண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்றது அது.

விருந்துக்கு எதற்கு பிரஷ்? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதில் தெரியும். இன ஒதுக்கலை எதிர்த்து ஊர்வலம் நடக்கப் போகிறது; கைதானால் இரவு சிறையில்தான். வானொலியைப் போலீசாரும் கேட்பார்கள் என்பதால் இப்படி மறைபொருளாகச் சொன்னார்கள்.

மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மறுநாள் போலீஸ் நாய்கள் ஏவப்பட்டன. தீயணைப்புக் குழாய்கள் பிள்ளைகள் மீது திருப்பப்பட்டன. அந்தப் படங்கள் உலகத்தை உலுக்கின. மே 10-ல் பாகுபாட்டைத் தளர்த்தும் உடன்பாடு ஏற்பட்டது.

அழைப்பு விடுத்தவர்கள் ஷெல்லி ஸ்டூவர்ட், 'டால் பால்' எனப்பட்ட பால் டட்லி வைட் போன்ற அறிவிப்பாளர்கள். பாட்டுப் போடுவதுதான் அவர்கள் வேலை. ஆனால், மக்கள் நம்பிய குரல்கள் அவை.

அந்த ஒலிவாங்கி எளிதில் கிடைத்துவிடவில்லை. 1928-ல் தொடங்கிப் புகழ்பெற்ற 'ஏமஸ் அண்ட் ஆண்டி' தொடரில், கறுப்பர்களைப் போலப் பேசிச் சிரிக்க வைத்தவர்கள் இரு வெள்ளை நடிகர்கள். கறுப்பர் பேச்சு கேலிக்குத் தேவைப்பட்டது, கறுப்பர்கள் தேவைப்படவில்லை. 1929-ல் சிகாகோவில் ஜாக் எல். கூப்பர், கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டே தனி நிகழ்ச்சி தொடங்கினார்.

1948-ல் மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் நாட் டி. வில்லியம்ஸை அமர்த்தியது. அவர் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். கறுப்பின நேயர்கள் திரண்டதும், தள்ளாடிக் கொண்டிருந்த நிலையம் நிமிர்ந்தது. பாட்டோடு, தொலைந்த பொருள்கள் பற்றிய செய்தியும் அதில் வரும். ஆனாலும் நிலையத்தின் முதலாளிகள் வெள்ளையர்கள்.

அதையும் மாற்றினார் ஜெஸ்ஸி பி. பிளேட்டன். கணக்காளரான அவர் 1949-ல் அட்லாண்டாவின் டபிள்யூ.இ.ஆர்.டி. நிலையத்தை விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம் அது. பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகமும் அதே கட்டடத்துக்கு வந்தது.

1967-ல் அட்லாண்டாவில் கூடிய அறிவிப்பாளர்களிடம் கிங் மனம் திறந்து பேசினார். உரிமைப் போராட்டத்தில் அவர்களின் பங்கு எவ்வளவு பெரிது என்பது உரிய அளவில் உணரப்படவில்லை என்றார். டால் பாலின் பெயரைச் சொல்லியே பாராட்டினார்.

பேருந்திலும் உணவகத்திலும் பள்ளியிலும் மக்களைப் பிரித்து வைத்தவர்களால் காற்றில் வந்த குரலைத் தடுக்க முடியவில்லை. ஊடகத் துறைக்குப் போக விரும்பும் மாணவர்கள் இந்த வரலாற்றிலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்: நம்மைப் பற்றிப் பேசுவது யார்? அந்த ஒலிவாங்கி யாருக்குச் சொந்தம்?