நடுவர் இல்லாத மேசை

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ, ஜீப் தயாராகும் ஊர். வருடம் ஒருமுறை மாடல் கார் கட்டுகிறவர்கள் அங்கே கூடுகிறார்கள். நீள நீளமான மேசைகள், அவற்றின்மேல் கையில் அடங்குகிற கார்கள் வரிசை வரிசையாக. புதிதாக வருகிறவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஃபர்ஸ்ட் பிரைஸ் எதுக்கு?" என்று கேட்பார். நடுவர் பார்த்துத் தரும் பிரைஸ் கிடையாது என்றால் முழிப்பார். நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை. கொண்டுவந்ததை மேசையில் வைக்கலாம், அடுத்தவர் வைத்ததைக் குனிந்து பார்க்கலாம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம். தொட மட்டும் கூடாது.

நான் டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் பாடி எஞ்சினியர். இந்த வட்டாரத்தில் தமிழ் எஞ்சினியர்களுக்குப் பஞ்சமே இல்லை. பகலில் முழு அளவுக் கார், ராத்திரி சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் 25-ல் ஒரு பங்குக் கார் என்று என் பிழைப்பு ஓடுகிறது. "ஊரெல்லாம் ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதேன்னு சொல்றாங்க, நீங்க காரையே கொண்டுவரீங்க" என்பாள் மனைவி.

கடையில் பெட்டியாக வாங்குவதைத்தான் கிட் என்கிறோம். திறந்தால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்கள் ஒரு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நறுக்கி எடுத்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்து, ஒட்டவேண்டும். இதற்கான பசை சாதாரணப் பசை இல்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25 அளவு, ஜப்பான் கிட்டுகள் 1/24. ஐந்து மீட்டர் நீளக் கார் 1/25-ல் 20 சென்டிமீட்டர்.

எல்லாம் சிறிதானாலும் பெயின்ட் சிறிதாவதில்லை. மாடலின்மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் பெயின்ட் ஏறினால், நிஜக் காரில் அது இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள கோடு அடைபட்டுப்போகும். அதனால்தான் மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்கிறோம். நம்மூர் டிங்கரிங் பட்டறையில் செய்வதுபோலவே பட்டி பார்த்து, தேய்த்து, ப்ரைமர் அடித்து, பிறகு கலர். இதை எந்தப் பெட்டியின் விளக்கத்தாளும் முழுதாகச் சொல்லித் தராது. பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

அந்தப் பக்கத்து ஆள் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஎம்டி என்ற கம்பெனி 1948-ல் டெட்ராய்ட் பகுதியில் தொடங்கியது. புதுக் கார் மாடல்களின் சின்னஞ்சிறு வடிவங்களைக் கார் டீலர்களுக்குச் செய்து கொடுப்பதுதான் அதன் ஆரம்பத் தொழில். 1958-ல் அதே கார்களைக் கிட்டாக விற்க ஆரம்பித்தபோது ஒரு யுக்தி செய்தார்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: ஷோரூமில் நிற்பதுபோல, ஆசைப்படி மாற்றியமைத்து, அல்லது பந்தயக் காராக. ஆனால் ஒரு பாடியில் ஒரு விதம்தானே கட்ட முடியும்? மிச்சமிருக்கும் சக்கரம், பம்பர், எஞ்சின் பாகமெல்லாம் டப்பாவில் சேர்ந்தன. எனக்கு வேண்டாத சக்கரம் உனக்கு வேண்டும், உன்னிடம் சும்மா கிடக்கும் கிரில் எனக்கு வேண்டும். பண்டமாற்று தானாகவே வந்துவிட்டது. இன்றைக்கும் டொலிடோவில் மேசைக்கு அடியில் ஒரு மிச்சப்பாக டப்பா இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

பரிசு கொடுத்து ஊக்குவித்த கதையும் இதே மண்ணில்தான் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை 'கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட்' என்ற போட்டியைப் பையன்களுக்காக நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் மாடலை அச்சு அசலாகச் செய்யவேண்டும். பிறகு சொந்தமாக வடிவமைத்த கார். வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947-ல் அப்படி வென்ற சக் ஜோர்டன், பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் பிரிவுத் தலைவராக 1986 முதல் 1992 வரை இருந்தார். கம்பெனிக்குத் திறமைசாலிகள் வேண்டும், போட்டி அவர்களைச் சலித்து எடுத்துக் கொடுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சல்லடையில் நிற்காதவன் என்ன ஆனான்? போட்டியில் தோற்றவன் கேட்பது "என்ன குறை?" என்றுதான். மேசையில் வைத்தவனிடம் மற்றவர்கள் கேட்பது "எப்படிப் பண்ணினே?" என்று. இந்த இரண்டாவது கேள்விக்காகவே என்.என்.எல். என்ற பெயரில் இந்தக் கூட்டம் உருவானது. டொலிடோவில் வேர்விட்டு, நியூ ஜெர்சி உட்படப் பல ஊர்களுக்குப் பரவியது. சில இடங்களில் வந்தவர்கள் ஓட்டுப்போட்டுப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அதோடு சரி. ஜப்பானிலும் இந்த வழக்கம் இருக்கிறது. டமியா, அவோஷிமா, ஹசெகாவா கம்பெனிகளின் தாயகமான ஷிசுவோகாவில் ஒவ்வொரு மே மாதமும் ஹாபி ஷோ நடக்கும்போது, மாடலர் கிளப்புகள் தங்கள் வேலைகளைக் கூட்டாகக் காட்சிக்கு வைக்கின்றன.

நான் ஒருமுறை அரைகுறையாக நின்ற ஒரு வெள்ளை அம்பாசிடரைக் கொண்டுபோய் வைத்தேன். கிட் இல்லை. பிளாஸ்டிக் தகடும் பட்டியும் கொண்டு வீட்டிலேயே எழுப்பியது, சுமார் 17 சென்டிமீட்டர். கண்ணாடியைச் சுற்றிவரும் குரோம் பட்டையில் இன்னும் கை வைக்கவில்லை. ஸ்டாம்பிங் பிளான்ட்டில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி இருக்கே?" என்றார். அதன் வழிவந்ததுதான், கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது என்றேன். தலையாட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "குரோமுக்கு என்ன போடப் போறே?"

சில்வர் பெயின்ட் என்றேன். அவர் பதில் பேசாமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பின்பக்கம் பசை தடவிய, மிக மெல்லிய அலுமினிய ஃபாயில். தேவையைவிட அகலமாக ஒரு துண்டு வெட்டி ஜன்னல் விளிம்பில் போர்த்தி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்தார். பிறகு கூராக்கிய பல்குச்சியால் ஓரங்களில் அழுத்தினார். அடியில் இருந்த பட்டையின் வடிவம் அப்படியே ஃபாயிலில் எழும்பி வந்தது. அந்த வரம்பை ஒட்டிக் கத்தி. "பிளேடு புதுசா இருக்கணும். நீ அழுத்தாதே, கத்தி தன் கனத்துல போகட்டும்." வேண்டாத பகுதியை உரித்ததும் நிஜ உலோகம் மின்னியது. மீதித் தாளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

பகிர்வுக்கும் வரைமுறை உண்டு. கம்பெனிகள் போடாத கார்களின் பாடியைச் சிலர் தாங்களே செதுக்கி, சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்து மலிவாக விற்பவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் செதுக்கியவனின் உழைப்பு அது. நுட்பத்தைக் கேட்டால் எல்லாரும் சொல்லித் தருவார்கள். உழைப்பைச் சுட்டால் அந்த ஆளோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் தலைகளில் நரைதான் அதிகம். அதனால் அமெரிக்க மாடலர் அமைப்புகள் தங்கள் கண்காட்சிகளில் பிள்ளைகளுக்கென்று தனி மேசை போடுகின்றன. பசை வேண்டாத, அழுத்தினால் பொருந்தும் கிட் ஒன்றை அங்கேயே கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அதைப் பார்த்து நானும் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். "மாமா, கோணலா ஒட்டிடுச்சு, தூக்கிப் போட்டுடவா?" என்று ஒரு பையன் கேட்டான். "போடாதே கண்ணா, அதைத்தான் எல்லாருக்கும் காட்டணும்" என்றேன். கோணல் சக்கரத்தைச் சுற்றி மற்ற பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனையோடு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடித்து, பாலிஷ் போட்டுப் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்தால் "அருமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாதியில் நிற்பதைக் கொண்டுவாருங்கள். அதற்குத்தான் ஆள் நிற்பார்கள், அதற்குத்தான் யாராவது பையைத் திறப்பார்கள்.